விதியும் விதிகளும்: நுவார் மேசை விளையாட்டுகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒரு கலைவடிவம் தான் பிறந்த ஊடகத்தை விட்டு வேறோர் ஊடகத்துட் புகும்போது அதன் புறக்கோலம் எளிதாக உடன்சென்றுவிடுகின்றது. உயிர்நிலையும் உடன்செல்கின்றதா என்பதே விமர்சகன் எழுப்பவேண்டிய வினாவாகும். நாவலில் உருப்பெற்றுத் திரைப்படத்திற் புகழடைந்த 'நுவார்' என்னும் குற்றப் புனைவு வடிவம் 1980களின் தொடக்கம் முதலாக மேசை விளையாட்டுகளிலும் தன் சாயலைப் பதித்து வந்துள்ளது. சிலர் ஒரு மேசையைச் சுற்றியமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சினாலும் தாயக்கட்டையினாலும் ஒரு கதையைக் கூட்டாக உருவாக்கும் ஆட்டங்கள் இவை. இவற்றை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் எளிது. துப்பறியும் கதையையே நீண்டகாலம் இலக்கியத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த தமிழ் விமர்சனத்துக்கு அது இன்னும் எளிது. ஆயினும், தன் செயலுக்கு மனிதன் எவ்வளவு பொறுப்பாளி, அவனைச் சூழ்ந்த சமூகம் எவ்வளவு பொறுப்பு என்ற பழைய வினாவை இவ்விளையாட்டுகள் புதியதொரு முறையில் எழுப்புகின்றன. அக்காரணத்தாலேயே அவை ஆராயத்தக்கன.

தமிழில் 'விதி' என்ற சொல் ஊழையும் குறிக்கும், ஒழுங்குமுறையையும் குறிக்கும். நுவார் கதையில் ஆட்சிசெய்வது முதலாவது விதி. விளையாட்டை நடத்துவது இரண்டாவது. முதலாவதன் வேலையை இரண்டாவது செய்யவல்லதா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். தொப்பியும் மழையும் சிகரெட் புகையும் நுவாரின் அணிகலன்கள் மாத்திரமே. அறிந்துகொண்டே கொடுக்கப்படும் விலை என்பதே அதன் உள்ளீடு. அந்த விலையைத் தன் விதிகளுக்குள் ஏற்றுக்கொண்ட விளையாட்டே நுவார் விளையாட்டு என்ற பெயருக்கு உரியது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

1. வடிவமும் அதன் சமூக அடிப்படையும்

'நுவார்' கருமையைச் சுட்டும் பிரெஞ்சுச் சொல். 1945இல் மார்செல் டுஹாமெல் பாரிசில் 'செரி நுவார்' என்ற குற்ற நாவல் வரிசையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, போரின் பின் பிரான்சுக்கு ஒருங்கே வந்துசேர்ந்த சில அமெரிக்கத் திரைப்படங்களைக் குறிக்க நினோ பிராங்க் என்ற விமர்சகர் இச்சொல்லைக் கையாண்டார். பெயர் பாரிசிற் கிடைத்ததாயினும் பொருள் அமெரிக்க நகரங்களிற் பிறந்தது. 1920இல் தொடங்கப்பட்ட 'பிளக் மாஸ்க்' என்னும் மலிவுச் சஞ்சிகையே அதன் தொட்டில் எனலாம். அதிற் பெயர்பெற்ற டஷியல் ஹமெற், பிங்கேட்டன் துப்பறியும் நிறுவனத்தில் ஊழியம் பார்த்தவர். குற்றத்தை அவர் நூல்களிற் படித்து அறிந்தவரல்லர்.

1929ஆம் ஆண்டு இவ்விடத்துச் சிறப்பாக நோக்கத்தக்கது. துப்பறியும் கதைக்குரிய பத்து விதிகளை இங்கிலாந்தில் றொனால்ட் நொக்ஸ் என்ற குருவானவர் வகுத்தளித்த ஆண்டு அது. கதை நேர்மையானதொரு புதிராக அமையவேண்டும், தடயங்கள் வாசகனுக்கு மறைக்கப்படலாகாது என்பதே அவ்விதிகளின் சாரம். அதே ஆண்டில் ஹமெற்றின் 'றெட் ஹார்வெஸ்ற்' நூலுருப் பெற்றது. அந்நாவலில் வரும் சுரங்க நகரத்தின் முதலாளி, தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை முறியடிக்கக் குண்டர்களை வரவழைக்கிறான். வேலைநிறுத்தம் முறிந்தது, குண்டர்கள் போகவில்லை, நகரம் அவர்களுடையதாயிற்று. கொலையாளியைக் கண்டுபிடித்ததும் ஒழுங்கு மீளும் என்று நம்பிய நொக்ஸின் உலகமும், ஒழுங்கே கொலையின் மீது கட்டப்பட்டது என்று கண்ட ஹமெற்றின் உலகமும் ஒரே ஆண்டில் அருகருகே நின்றன. அவ்வாண்டின் இறுதியிலேயே நியூயோர்க் பங்குச்சந்தை சரிந்து பெருமந்தம் தொடங்கிற்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

'றெட் ஹார்வெஸ்ற்'றின் துப்பறிவாளன் நகரத்தைத் தூய்மைப்படுத்த முனைந்து, குண்டர்களை ஒருவரோடொருவர் மோதவிடுகிறான். காலப்போக்கிற் கொலை தனக்கே இன்பம் தரத் தொடங்கிவிட்டதை அவன் உணர்கிறான். நகரம் அவனையும் தன்னுடையவனாக்கிவிட்டது. இதுவே நுவாரின் கரு. ஜேம்ஸ் எம். கெயினின் கதையைத் தழுவி பில்லி வைல்டர் 1944இல் இயக்கிய 'டபிள் இன்டெம்னிற்றி' திரைப்படத்தில், குண்டடிபட்ட காப்புறுதி முகவர் ஒருவர் தன் குற்றத்தை ஒலிப்பதிவுக் கருவியிற் சொல்வதிலேயே கதை தொடங்குகின்றது. முடிவு முதலிலேயே தெரிந்துவிடுகின்றது. எவ்வாறு என்பது மாத்திரமே எஞ்சுகின்றது. 1974இல் வெளிவந்த 'சைனாரவுண்' படத்தில் துப்பறிவாளன் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் நீரைச் சூழ்ந்த மோசடியையும் ஒரு குடும்பத்தின் கொடுமையையும் முழுமையாக அறிந்துகொள்கிறான். அறிந்தும் எவரையும் அவனாற் காப்பாற்ற முடியவில்லை.

ஆகவே, நுவாரில் 'யார் செய்தது' என்பது சிறிய வினா. 'அறிந்தபின் என் செய்வாய், அதற்கு என்ன கொடுப்பாய்' என்பதே பெரிய வினா. இங்கு ஊழாகத் தோன்றுவது பெரும்பாலும் பணமும் பதவியும் வகுத்த ஒழுங்கே.

2. மேசை விளையாட்டின் இயல்பு

'சைனாரவுண்' வெளிவந்த அதே 1974இல், கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். பாத்திரமேற்பு விளையாட்டின் வரலாறு அதிலிருந்தே தொடங்குகின்றது. அதன் அமைப்பு எளிதானது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைத் தாளில் எழுதிவைத்திருப்பர். அதன் வலிமை, அறிவு முதலியன எண்களாற் குறிக்கப்பட்டிருக்கும். நெறியாளர் ஒருவர் சூழலை விவரிப்பார். ஏனைய மாந்தர் அனைவருக்கும் அவரே குரல் கொடுப்பார். முடிவு ஐயத்துக்குரியதாகும்போது தாயக்கட்டை உருட்டப்படும். கொன்ற பகைக்கும் கவர்ந்த பொன்னுக்கும் ஏற்ப அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகள் பெருகப் பாத்திரம் வலிமைபெறும்.

இவ்வமைப்பில் உறைந்துள்ள உலகநோக்கு கவனத்துக்குரியது. முயல்பவன் வளர்வான், வளர்பவன் வெல்வான், வென்றது அவன் கையிற் சேரும். நுவாரின் உலகநோக்கு இதற்கு நேர் எதிரானது. அதன் நாயகன் கதை முடியும்போது தொடங்கியபோது இருந்ததைவிடக் குறைந்தவனாகவே நிற்பான். மேலும், விளையாட்டின் உயிர் ஆட்டக்காரனின் சுதந்திரம். நுவாரின் உயிர் தப்பமுடியாமை. இம்முரண்பாட்டைத் தீர்க்காமல் ஒரு விளையாட்டு நுவாரின் உடையை மட்டும் அணிந்துகொள்ளலாம். தீர்க்க முயல்வதாயின் அதன் விதிகளே மாறவேண்டும்.

விமர்சன முறை பற்றியும் ஒன்று கூறவேண்டும். கூத்தின் ஏட்டை வாசித்து ஆட்டத்தை முழுமையாக மதிப்பிட முடியாதவாறு, விதிநூலை வாசித்து விளையாட்டை முழுமையாக மதிப்பிட முடியாது. மேசையில் நிகழ்வது அன்றிரவோடு மறைந்துபோகும். எனினும் எதைச் செய்தாற் பயன் கிடைக்கும், எதைச் செய்தால் இழப்பு நேரும் என்று விதிநூல் வகுத்து வைக்கின்றது. அவ்வகையில் ஒவ்வொரு விதிநூலும் ஓர் அறநூலுமாகும். இங்கு நாம் நோக்குவது அந்த அறத்தையே.

3. தடயமும் தாயமும்

1982இல் 'கேங்பஸ்ரர்ஸ்' வெளிவந்தது. மதுவிலக்குக் காலத்து 'லேக்பிரன்ற்' என்ற கற்பனை நகரம் அதன் களம். பொலிஸ்காரர், தனியார் துப்பறிவாளர், பத்திரிகையாளர், கள்ளச்சாராயக் கும்பலின் தலைவன் என வெவ்வேறு தொழில்களை ஆட்டக்காரர் தேர்ந்துகொள்ளலாம். ஒரே மேசையில் எதிரெதிர்த் தரப்பினர் அமரக்கூடியவாறு அமைந்தமை அதன் புதுமை. ஆனால் ஒவ்வொரு தொழிலுக்கும் அதற்குரிய வெற்றியும் அவ்வெற்றிக்குரிய புள்ளிகளும் வகுக்கப்பட்டிருந்தன. குற்றவாளியும் பொலிஸ்காரரும் ஒரே ஏணியின் இருபக்கங்களில் ஏறினர். ஏணியே அழுகியது என்ற ஹமெற்றின் பார்வைக்கு அங்கு இடமில்லை. காலமும் களமும் கதைமாந்தரும் நுவாருக்கு நெருக்கமாயிருந்தும் உள்ளீடு பழைய நிலவறை வேட்டையாகவே இருந்தது.

அதற்கு ஓராண்டு முன்னர், 1981இல், சன்டி பீற்றர்சன் எழுதிய 'கோல் ஒவ் கதுலு' வெளிவந்தது. இது எச். பி. லவ்கிராப்ற்றின் திகிற்கதைகளைத் தழுவியது; நுவார் அன்று. எனினும் இரண்டு காரணங்களால் இவ்வரலாற்றில் அது தவிர்க்கமுடியாதது. முதலாவது, அதன் நாயகர்கள் துப்பறிபவர்கள். நூலகங்களிலும் பழைய பத்திரிகைகளிலும் உண்மையைத் தேடுபவர்கள். இரண்டாவது, அவர்களுக்குச் சித்தத்தெளிவு என்ற எண் ஒன்று உண்டு. அறியத்தகாததை அறியுந்தோறும் அது குறையும். அறிவு இங்கு வெகுமதியாக இல்லாமல் இழப்பாக வருகின்றது. விலை என்ற கருத்து இவ்விளையாட்டின் வழியாகவே மேசைக்குத் திடமாக வந்துசேர்ந்தது எனலாம்.

ஆயின் அதன் விதிகளில் ஒரு பலவீனமும் இருந்தது. மேசையறையில் மறைந்துள்ள கடிதத்தைக் காண்பதற்குத் தாயம் உருட்டவேண்டும். தாயம் தவறினாற் கடிதம் கிடையாது. கடிதமின்றேல் கதை நகராது. இக்குறையைத் தீர்க்க றொபின் லோஸ் வகுத்த விதிமுறையில், பொருத்தமான திறமையுடையவர் உரிய இடத்தில் தேடினால் அடிப்படைத் தடயம் தாயமின்றியே கிடைக்கும். கெனத் ஹைற் எழுதி 2008இல் வெளிவந்த 'ட்றெயில் ஒவ் கதுலு' இம்முறையைப் பின்பற்றி, பெருமந்தக் காலமான 1930களைத் தன் களமாக்கிற்று. இது வெறும் வசதிக்கான மாற்றம் எனத் தோன்றலாம். உண்மையில் இது நொக்ஸின் உலகிலிருந்து ஹமெற்றின் உலகுக்கு எடுத்துவைக்கப்பட்ட ஓர் அடி. தடயத்தைக் காண்பது சோதனையாக இல்லாதொழிந்தபோது, கண்டதை வைத்து என்ன செய்வது என்ற வினாவுக்கு மேசையில் இடம் பிறந்தது.

4. விலையை வகுத்த விதிகள்

இவ்வினாவை விதியாகவே மாற்றிய முயற்சிகளுள் மூன்று விரிவாக நோக்கத்தக்கன.

கிறெக் ஸ்ரோல்சி எழுதிய 'ஏ டேர்ட்டி வேல்ட்' (2008) பாத்திரத்தின் பண்புகளை எதிரிணைகளாக அமைக்கின்றது. தூய்மைக்கு எதிரே சீர்கேடு, நேர்மைக்கு எதிரே வஞ்சகம், துணிவுக்கு எதிரே சீற்றம், ஈகைக்கு எதிரே தன்னலம் என்றவாறு அவை நிற்கும். பாத்திரம் செய்வனவும் அதற்கு நேர்வனவும் இவற்றின் அளவை ஆட்டத்தின் போக்கிலேயே மாற்றும். முக்கியமானது யாதெனில், இவ்விணைகளின் இரு முனைகளும் பயன்படு கருவிகள் என்பதே. வஞ்சகம் மிக்கவன் பொய்யில் வல்லவனாவான். நேர்மை குன்றியவனுக்கு உண்மையைச் சொல்லி ஒருவரை நம்பவைக்கும் ஆற்றல் குன்றும். ஒழுக்கம் இங்கு நெறியாளரின் போதனையாக வருவதில்லை. கைக்கருவியின் கூர்மையாகவும் மழுக்கமாகவும் வருகின்றது. கொலையில் இன்பம் காணத் தொடங்கிய ஹமெற்றின் துப்பறிவாளனை இவ்வளவு துல்லியமாக எண்களில் எழுதிக்காட்டிய விளையாட்டு வேறில்லை என்றே கூறவேண்டும். ஆயினும் ஒரு குறை உண்டு. சீர்கெடுபவன் தாளில் இருக்கிறான். சீர்கெடுக்கும் நகரம் தாளில் இல்லை. அது நெறியாளரின் கற்பனைக்கு விடப்பட்டுள்ளது. தனிமனித ஒழுக்கத்தின் கணக்கேடாக நுவார் சுருங்கிவிடும் அபாயம் இதில் உள்ளது.

சேத் பென்-எஸ்றாவின் 'டேர்ட்டி சீக்றற்ஸ்' (2007) மறுபக்கத்திலிருந்து தொடங்குகின்றது. றொஸ் மக்டொனால்டின் நாவல்களை முன்மாதிரியாகக் கொண்ட இவ்விளையாட்டில் களம் 1940களின் லொஸ் ஏஞ்சலிஸ் அன்று; ஆடுபவர்களின் சொந்த ஊரே; காலம் சென்ற வாரம். ஒருவர் துப்பறிவாளராகத் தன்மையிடத்திற் பேசுவார். ஏனைய மாந்தரை மற்றவர்கள் பகிர்ந்து ஏற்பர். பாத்திரங்களை உருவாக்கும்போது வயது, பால், இனம், சமூக நிலை என்பன வெளிப்படையாகவே குறிக்கப்படும். இனத்தையும் வர்க்கத்தையும் பற்றிப் பேசாதிருக்கும் மேசைநாகரிகம் இவ்விதியால் உடைகின்றது. பழைய காலத்து அழகுணர்ச்சிக்குள் ஒளிந்துகொள்ளும் வழியும் அடைபடுகின்றது.

குற்றவாளி யார் என்பது இவ்விளையாட்டின் தொடக்கத்தில் எவருக்கும் தெரியாது. நெறியாளருக்கு மறைவாகத் தெரிந்ததென்பதும் இல்லை. பெயர்கள் எழுதப்பட்ட கட்டங்களில் நிகழும் நகர்வுகளே இறுதியில் அதனைத் தீர்மானிக்கும். காரணமின்றிக் குற்றம் ஒருவர் தலையில் விழுகிறதே என்று இதனைக் கண்டிக்கலாம். ஆனால் மக்டொனால்டின் நாவல்களிற் குற்றம் ஒருவரிடம் மட்டும் தங்குவதில்லை. ஒரு தலைமுறை மறைத்தது அடுத்த தலைமுறையின் கொலையாக வெளிப்படும். குடும்பத்தில் எவரும் முற்றிலும் குற்றமற்றவரல்லர். யார் மீது விழுந்தாலும் பொருந்தக்கூடியவாறு எல்லோரையும் படைக்கவேண்டிய கட்டாயத்தை இவ்விதி ஆட்டக்காரருக்கு ஏற்படுத்துகின்றது. கட்டத்தின் தற்செயல் இவ்வாறு பொதுவான பொறுப்பின் குறியீடாகிவிடுகின்றது. இங்கு முதலாவது விதியின் வேலையை இரண்டாவது விதி செம்மையாகவே செய்கின்றது.

ஜேசன் மோர்னிங்ஸ்ராரின் 'பியாஸ்கோ' (2009) மூன்றாவது. இதில் நெறியாளர் இல்லை. மூவர் முதல் ஐவர் வரை ஆடலாம். முதற்பதிப்பில் ஆளுக்கு நான்கு வீதம் கறுப்பும் வெள்ளையுமான தாயக்கட்டைகள் மேசை நடுவே வைக்கப்படும். வலப்பக்கத்தவரோடும் இடப்பக்கத்தவரோடும் ஒவ்வொருவருக்கும் ஓர் உறவு உண்டு. தேவை, இடம், பொருள் என்பன அவ்வுறவுகளோடு பிணைக்கப்படும். தன் காட்சியை ஒருவர் தானே தொடங்கிவைத்தால், அதன் முடிவு நன்றா தீதா என்பதை ஏனையோர் வெள்ளை அல்லது கறுப்புக் கட்டை ஒன்றை நீட்டித் தீர்மானிப்பர். நடுவே ஒரு பெருங்குழப்பம் புகும். இறுதியில் ஒவ்வொருவரும் தம் கட்டைகளை உருட்டி, இரு நிறங்களின் கூட்டுத்தொகைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழிப்பர். எஞ்சும் எண் பெரிதாயின் பாத்திரம் தப்பும். பூச்சியத்தை நெருங்கினால் அழியும்.

இக்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. ஒரே நிறத்தைச் சேர்த்துக்கொண்டவர் பெரும்பாலும் தப்புவார். நன்மையையும் தீமையையும் சரிபாதியாகப் பெற்றவரே பெரும்பாலும் வீழ்வார். முற்றாகக் கெட்டவனும் பிழைத்துக்கொள்கிறான்; அரைமனத்தோடு பாவஞ்செய்த காப்புறுதி முகவர் மடிகிறார். நுவாரின் கொடுமையான அறம் இவ்வளவு சுருக்கமாக வேறெங்கும் கூறப்படவில்லை. அழிவு உறுதி என்று அறிந்துகொண்டே அதனை நோக்கி நடக்கும் இன்பத்தையும் இவ்விளையாட்டே முதன்மையாக அளிக்கின்றது. எனினும் அவ்வின்பம் விரைவிற் சிரிப்பாக மாறிவிடுகின்றது. மூடர்கள் மடிந்தனர் என்ற நகைப்போடு மேசை கலையும்போது, அவர்களை மூடராக்கிய பசியும் கடனும் கவனத்திலிருந்து நழுவிவிடுகின்றன. துன்பியலை அங்கதமாக்குதல் தவறன்று. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

5. நகரம் யாருடையது?

மேற்கூறிய குறைகளை நோக்கும்போது, றொபின் லோஸ் முதன்மையாக அமைத்து 2017இல் வெளிவந்த 'கதுலு கொன்பிடென்ஷல்' தனித்து ஆராயப்படவேண்டியது. ஒரு நெறியாளர், ஓர் ஆட்டக்காரர் என இருவர் மட்டும் ஆடுவது இது. கூட்டாளிகளோடு சேர்ந்து வீரம் விளைவிக்கும் வாய்ப்பு இங்கில்லை. தனிமை விதியாகவே அமைந்துவிட்டது. இக்கட்டான தருணத்தில் ஆட்டக்காரர் இன்னுமொரு தாயம் உருட்ட விரும்பினால், அதற்கு ஈடாகத் தொல்லை ஒன்றைக் குறிக்கும் அட்டையை ஏற்கலாம். அட்டை அவர் முன்னே மேசையிற் கிடக்கும். கதை முடியுமட்டும் தீர்க்கப்படாவிடின் முடிவில் வந்து தன் பங்கைக் கேட்கும். விலை கேட்கப்படுகின்றது, அவர் அறிந்தே இணங்குகிறார். சுதந்திரத்துக்கும் தப்பமுடியாமைக்கும் இடையிலான முரண்பாடு இவ்விதியில் முறையாகத் தீர்க்கப்பட்டுள்ளது. தப்பமுடியாத நிலையை ஆட்டக்காரர் தம் சுதந்திரத்தாலேயே, ஒவ்வோர் அட்டையாகக் கட்டியெழுப்புகிறார்.

இந்நூலின் மூன்று நாயகருள் ஒருவர், கிறிஸ் ஸ்பைவி எழுதிய லாங்ஸ்ரன் றைற். இரண்டாம் உலகப்போர்க் கால வோஷிங்டனில் வாழும் கறுப்பின அறிஞர் அவர். இனப்பிரிவினை நிலவிய அத்தலைநகரில் ஒரு கதவைத் தட்டுவதே அவருக்கு ஆபத்தாகக்கூடும். வெள்ளையினத் துப்பறிவாளன் ஒருவன் எளிதாக நுழையும் விடுதியும் அலுவலகமும் அவருக்குத் தாமே தடைகளாகின்றன. நகரம் தாளில் இல்லை என்று முன்னர் கூறிய குறை இங்கு பெரிதும் நீங்குகின்றது. நுவார் நாவலில் இப்பணியை முன்னரே செய்தவர் செஸ்ரர் ஹைம்ஸ் என்பதை நினைவுகூரல் பொருந்தும். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளரான அவர், பாரிசில் டுஹாமெலின் தூண்டுதலால் 'செரி நுவார்' வரிசைக்கு எழுதத் தொடங்கி, 1950களின் பிற்பகுதி முதல் ஹார்லம் நகர்ப்பகுதியைத் தன் நாவல்களின் களமாக்கினார். நாவல் கண்ட உண்மையை மேசை விளையாட்டு அறுபது ஆண்டுகள் கழித்தே முழுமையாக எதிர்கொண்டது.

எனினும் இவ்விளையாட்டின் மீதும் ஒரு வலுவான ஆட்சேபம் எழுகின்றது. இதன் மர்மங்களின் ஆழத்தில் லவ்கிராப்ற்றின் வேற்றுலகச் சக்திகள் மறைந்துள்ளன. நகரபிதாவின் ஊழலுக்குப் பின்னால் அண்டவெளிப் பூதம் ஒன்று இருக்குமாயின், நகரபிதாவின் பொறுப்பு குறைந்துவிடுகின்றது. 'றெட் ஹார்வெஸ்ற்'றின் சுரங்க முதலாளிக்குப் பின்னால் எந்தப் பூதமும் இல்லை. இலாபம் மட்டுமே இருந்தது. அந்த வெறுமையே அந்நாவலின் அச்சம். மனிதர் மனிதருக்குச் செய்ததை மனிதரல்லாத ஒன்றின் கணக்கில் எழுதுவது, பழைய ஊழ்க் கோட்பாட்டைப் புதிய அட்டையுடன் மீண்டும் விற்பதாகும். விலையை மிகச் சிறப்பாக வகுத்த விளையாட்டே அவ்விலையைப் பெறுபவர் யார் என்பதை மங்கலாக்கிவிட்டமை ஒரு முரண்நகை.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிவுகள் பெறப்படும். காலத்தையும் களத்தையும் மாத்திரம் கடன்வாங்கிய 'கேங்பஸ்ரர்ஸ்' போன்ற ஆட்டங்களில் நுவார் ஓர் அலங்காரமாகவே நின்றது. தடயத்தைத் தாயத்தின் பிடியிலிருந்து விடுவித்தமை ஒரு திருப்புமுனை. அதன் பின்னரும், ஏறத்தாழ அதே காலத்திலும் தோன்றிய விளையாட்டுகள் நுவாரின் ஒவ்வோர் அங்கத்தைக் கைப்பற்றின: 'ஏ டேர்ட்டி வேல்ட்' மனிதன் தேய்வதையும், 'டேர்ட்டி சீக்றற்ஸ்' பகிரப்பட்ட குற்றத்தையும், 'பியாஸ்கோ' முன்னறிந்த அழிவையும், 'கதுலு கொன்பிடென்ஷல்' தானே ஏற்கும் விலையையும் விதியாக்கின. இவற்றுள் எதுவும் முழுமையான நுவாராகவில்லை. இலாபத்தின் ஆட்சியை, அதாவது ஹமெற் கண்ட நகரத்தை, அதன் சொந்தப் பெயரோடு விதிநூலில் எழுதும் பணி இன்னும் எஞ்சியிருக்கின்றது.

அவ்வாறு எழுதப்படுமாயின் அது நாவலாலும் திரைப்படத்தாலும் முடியாத ஒன்றைச் செய்யவல்லது. நாவலின் வாசகன் துப்பறிவாளனின் வீழ்ச்சியை வெளியிலிருந்து பார்க்கிறான். அவனுக்காக இரங்குகிறான் அல்லது அவனைக் கண்டிக்கிறான். மேசையில் அமர்ந்தவனுக்கு அந்த இடைவெளி இல்லை. கையூட்டை வாங்கியவனும் சாட்சியைக் கைவிட்டவனும் அவனே. வாங்காதிருக்கவும் அவனால் முடிந்திருக்கும். சமூகம் தன்னை எவ்வாறு வளைத்தது என்பதையும், வளைந்தபோது தான் என்ன சாக்குச் சொன்னேன் என்பதையும் ஒருவன் ஒருசேரக் காணும் இடம் அது. அவ்விரண்டையும் ஒருங்கே காட்டவல்ல வடிவங்கள் கலைகளுட் பல இல்லை.